படம் பெரிதா, பறவை பெரிதா?

நாட்காட்டிகளில் நாம் அடிக்கடி காணும் படம் ஒன்று உண்டு. விடியற்காலை வேளை. தரையை ஒட்டி வெண்பஞ்சை விரித்தாற்போல் மூடுபனி. அதன் நடுவே கிளைத்த கொம்புகளோடு தலை நிமிர்ந்து நிற்கிறது ஒரு செம்மான். அது விடும் மூச்சுகூடக் குளிர்ந்த காற்றில் புகையாய்த் தெரிகிறது. பின்னால் கருங்கோடுகளாய் ஓக் மரங்கள். "என்ன அழகு!" என்கிறோம், மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுகிறோம்.

அந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நின்றார்? எவ்வளவு நேரம் நின்றார்? அவர் நிற்பது அந்த மானுக்குத் தெரிந்ததா, தெரிந்து அது மிரண்டதா? இவற்றை நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இக்கட்டுரை. ஒரு படத்தின் அழகை அது எடுக்கப்பட்ட விதத்தினின்று பிரித்துப் பார்க்க முடியாது என்பது நம் உறுதியான கருத்து. "படம் நன்றாக இருந்தால் போதாதா?" என்பார் உண்டு. போதாது. ஏன் போதாது என்பதற்குப் பிரிட்டனின் நாட்டுப்புறத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். காட்டு உயிர்களைப் புகைப்படம் எடுக்கும் கலை மிக முன்னதாகவே வேர்விட்ட நாடுகளுள் அது ஒன்று. அக்கலையின் நல்லதும் கெட்டதும் அங்கே நூறாண்டுக்கு மேலாகப் பதிவாகியிருக்கின்றன.

மேலே சொன்ன மான் படங்களுள் பல, நாம் நினைப்பது போல் ஆளரவமற்ற அடர்காட்டில் எடுக்கப்பட்டவை அல்ல. லண்டன் மாநகரின் தென்மேற்கே ரிச்மண்ட் பூங்கா என்றொரு பரந்த புல்வெளி இருக்கிறது. மன்னர் முதலாம் சார்லஸ் 1637-ஆம் ஆண்டு தம் வேட்டைக்காக மதில் எழுப்பி வளைத்துக்கொண்ட நிலம் அது. மன்னரின் வேட்டை போயிற்று, மான்கள் தங்கிவிட்டன. செம்மானும், 'பாலோ' எனப்படும் சற்றுச் சிறிய மானுமாக இன்று அறுநூறு வரை அங்கே உலவுகின்றன. செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும் ஆண்மான்கள் உறுமிக்கொண்டு கொம்போடு கொம்பு மோதும் பருவம். மூடுபனி படியும் பருவமும் அதுவே. இரண்டும் ஒருசேர வாய்க்கும் ஒரு விடியலுக்காகப் பலர் இருட்டோடு இருட்டாக வந்து, முக்காலியை ஊன்றிக் காத்திருக்கிறார்கள்.

மான்களிடமிருந்து 50 மீட்டராவது விலகி நில்லுங்கள் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. விளையாட்டு விழாவில் நாம் ஓடும் நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதித் தூரம், அவ்வளவுதான். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவருக்கு அது ஒரு தூரமே அன்று. ஆனால் நடப்பது என்ன? ஒருவர் பத்து அடி முன்னே போகிறார். அவர் முதுகு தம் படத்தில் விழுகிறதே என்று அடுத்தவர் பதினைந்து அடி போகிறார். கையில் கைபேசி மட்டும் உள்ளவரோ இன்னும் நெருங்கிப் போய், மானுக்கு முதுகைக் காட்டி நின்று, தம்மையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். சினம் ஏறிய ஆண்மானின் கொம்பு ஓர் ஆளைக் குத்தித் தூக்கவல்லது என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வருவதில்லை.

இதைக் காட்டிலும் நம்மை வருத்துவது கோடையின் தொடக்கத்தில் நடப்பது. மே, ஜூன் மாதங்களில் தாய்மான் தன் கன்றைப் பெரணிப் புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி மேயும். கன்று அசையாமல் கிடக்கும். "ஐயோ பாவம், தாயை இழந்த கன்று" என்று அருகே செல்பவரும் உண்டு. "அருமையான படம்" என்று அருகே செல்பவரும் உண்டு. முன்னவர் இரக்கத்தால் போகிறார், பின்னவர் ஆசையால் போகிறார். புதருக்கு வெளியே நிற்கும் தாய்க்கு இருவரும் ஒன்றுதான். அவர்கள் அகலும்வரை அது கன்றிடம் வரத் துணியாது.

இனி, படத்தில் மானுக்கு நிகரான பங்கு பெறும் மூடுபனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மேகமற்ற, காற்றசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு விட்டுவிடுகிறது. நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கிறது. இதுவே மூடுபனி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பொருள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதை அடர்ந்த மூடுபனி என்றும், தெரிந்தால் மெல்லிய பனிமூட்டம் என்றும் வானிலையாளர் பிரித்துச் சொல்வர். குளிர்ந்த காற்று கனமானது. ஆகையால் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. கிண்ணத்தில் பால் நிரம்பினாற்போல் பள்ளத்தாக்கு நிரம்ப, குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாய் வெளியே நிற்கும்.

டார்செட் மாவட்டத்தில் கார்ப் கோட்டை என்னும் இடிந்த கோட்டை ஒன்று இப்படித்தான் பனிக்கு மேல் மிதப்பதுபோல் தோன்றும். 1646-இல் உள்நாட்டுப் போரில் பிடிபட்டு, பின்னர் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்ட கோட்டை அது. பக்கத்துக் குன்றின் மேல் ஏறி நின்று அதைப் படம் எடுப்பார்கள். சோமர்செட் மாவட்டத்தின் சதுப்புச் சமவெளியில் கிளாஸ்டன்பரிக் குன்று இன்னொன்று. அதன் உச்சியில் கூரையிழந்து நிற்பது அதிதூதர் புனித மிக்கேல் ஆலயத்தின் கோபுரம். எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது, கிளாஸ்டன்பரி மடத்தின் கடைசித் தலைவரான முத்திப்பேறு பெற்ற ரிச்சர்ட் வைட்டிங் 1539-ஆம் ஆண்டு நவம்பரில் தூக்கிலிடப்பட்டது இக்குன்றின் மேல்தான். பனியில் மிதக்கும் அக்கோபுரத்தின் படத்தைப் பார்த்து வியப்பவருள் எத்தனை பேர் இதை அறிவர்? நாமும் இதை எழுதப் புகுந்தபோதுதான் எண்ணிப் பார்த்தோம்.

மூடுபனியைப் படம் எடுப்பது எளிதன்று. காமிராவினுள் ஒளியை அளக்கும் பகுதி, தன் முன்னால் உள்ளது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக்கொள்ளும். வெண்பனியைக் கண்டாலும் அப்படியே. அதன் பேச்சைக் கேட்டால் படம் அழுக்கு நீர் போல் மங்கிவிடும். ஆகவே அது சொல்வதைவிட ஓரளவு கூடுதலாகவே ஒளியை உள்ளே விட வேண்டும். இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்க முடியாதது ஒன்று உண்டு: பனியை வரவழைப்பது. வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், முதல் நாள் மழையால் நிலமும் ஈரமாயிருக்கும். எல்லாம் பொருந்தி வந்தும் விடியலில் பனி வராது. அல்லது குன்றையும் சேர்த்து விழுங்கும் அளவுக்கு வந்து, கையெட்டும் தூரத்தில் உள்ள மரத்தைக்கூட மறைத்துவிடும். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் குன்றேறி, ஒரு படமும் எடுக்காமல் இறங்கும் நாள்கள் அங்கே உள்ள ஒவ்வொரு நிலக்காட்சிக் கலைஞருக்கும் உண்டு. இந்த வெறுங்கையோடு இறங்குதல்தான் இக்கலையின் அரிச்சுவடி என்று தோன்றுகிறது.

அந்த அரிச்சுவடியைப் பறவைகளிடம் பயின்றவர்கள் ரிச்சர்ட் கியர்ட்டன் (1862-1928), செரி கியர்ட்டன் (1871-1940) என்னும் உடன்பிறந்தார் இருவர். யார்க்ஷயர் மலைநாட்டில் துவெயிட் என்னும் சிற்றூரில் பிறந்தவர்கள். மூத்தவர் சிறுவனாயிருந்தபோது பறவைக் கூடு தேடி மரமேறி விழுந்து, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தவர். இளையவர் 1892-ஆம் ஆண்டு லண்டனுக்கு அருகே முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைப் படம் எடுத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1895-இல், பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றி மூத்தவர் எழுத, இளையவர் எடுத்த புகைப்படங்களோடு நூல் வெளிவந்தது. பறவை நூல்களில் ஓவியங்களையே கண்டு பழகியவர்களுக்கு அது பெரும் புதுமை. அதுவரை பறவையை அறிய விரும்பியவர் அதைச் சுட்டு வீழ்த்திப் பஞ்சடைத்து வைப்பார். முட்டையைத் திருடித் துளையிட்டுப் பெட்டியில் அடுக்குவார். துப்பாக்கி இருந்த இடத்திற்குக் காமிரா வந்தது. இந்த ஒன்றிற்காகவே இவ்விருவரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

அக்காலத்துக் காமிராவோ கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பது. பெட்டி பெரிது, லென்ஸ் குட்டை. பறவைக்குச் சில அடி தூரத்துக்குள் போய்த் தீர வேண்டும். எப்படிப் போவது? 1900-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு காளைமாட்டின் தோலை வாங்கிச் சட்டத்தின் மேல் போர்த்தி, உள்ளே ஆள் நிற்கும்படி பொய்மாடு ஒன்று செய்வித்தார்கள். மாட்டின் உடலில் துளை; துளைக்குள் லென்ஸ். வயலில் மேயும் மாட்டைக் கண்டு எந்தப் பறவை அஞ்சும்? உள்ளே நிற்பவர்தான் குனிந்தபடி மூச்சு முட்ட நிற்க வேண்டும். ஒருமுறை உள்ளே இருந்தவர் மயங்கிச் சாய, மாடும் அவரோடு கவிழ்ந்து கால்கள் வானத்தை நோக்கினவாம். பொய்மாட்டோடு நில்லாமல் பொய்யாடும் பொய்ப்பாறையும் செய்து பார்த்தார்கள்.

இங்கே ஒரு தோழி குறுக்கிட்டுக் கேட்கலாம்: "இது ஏமாற்று அல்லவா? பொய்மாட்டில் ஒளிந்து எடுத்ததை மட்டும் எப்படிப் புகழலாம்?" நல்ல கேள்வி. நமக்குத் தோன்றும் விடை இது. பொய்மாடு பறவையை ஏமாற்றியது, அதன் இயல்பு கெடாதிருக்கும் பொருட்டு. பறவை எதையும் இழக்கவில்லை; குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது. படத்தைப் பார்த்தவரோ ஏமாற்றப்படவே இல்லை; எப்படி எடுத்தோம் என்பதைப் பொய்மாட்டின் படத்தோடு சேர்த்தே அவர்கள் நூலில் வெளியிட்டார்கள். வேறுவகை ஏமாற்று ஒன்று உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

ரிச்சர்ட் கியர்ட்டனை 1900-இல் சந்தித்து, அதன் பயனாகக் காமிராவைக் கையில் எடுத்தவர் ஒரு பெண்மணி. எம்மா லூயிசா டர்னர் என்பது பெயர். 1867-இல் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். முப்பது வயதுக்கு மேல்தான் இக்கலையைத் தொடங்கினார் என்பதை, 'இனி எனக்கு எதுவும் வராது' என்று பதினைந்து வயதிலேயே சலித்துக்கொள்ளும் நாம் கவனிக்க வேண்டும். நார்போக் மாவட்டத்தில் ஹிக்ளிங் என்னும் பெரிய நாணற்காட்டு ஏரி உண்டு. அங்கே ஒரு படகு வீட்டைக் கட்டி நிறுத்தி, ஆண்டின் ஒரு பகுதியை அதில் கழிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். இப்படிச் சுமார் இருபத்தைந்து ஆண்டுகள்! அவர் தங்கிய சிறு தீவுக்கு டர்னர் தீவு என்றே பெயர் வழங்கலாயிற்று. அங்கே தாம் முதன்முதல் படம் எடுத்த பறவையின் பெயரையே படகுக்கு வைத்தார்: 'வாட்டர் ரெயில்'. நாணலுக்குள் ஒளிந்து வாழும் கூச்ச குணமுள்ள பறவை அது. ஆரவாரத்தோடு போகிறவர் கண்ணில் அது படாது.

அவர் எடுத்த படங்களுள் கொண்டை முக்குளிப்பான் தன் கூட்டில் அமரும் காட்சி ஒன்று. அதற்கு ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. இதில் நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பறவை பிரிட்டனில் ஏறக்குறைய அழிந்துபோகும் நிலையை எட்டியது. காரணம் பெண்களின் நாகரிகம். அதன் கொண்டையும் மென்மயிரும் சீமாட்டிகளின் தொப்பிக்கும் கழுத்துப் போர்வைக்கும் போயின. அதை எதிர்த்து எழுந்தவர்களும் பெண்களே. 1889-இல் மான்செஸ்டருக்கு அருகே எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி, இறகு அணிவதில்லை என்று பெண்களிடம் உறுதிமொழி பெற்றுச் சங்கம் தொடங்கினார். அதுவே இன்று பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. இறகுக்காகக் கொல்லப்பட்ட பறவை உயிரோடு கூட்டில் அமரும் காட்சிக்காக ஒரு பெண்ணுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

1904-இல் லின்னேயன் கழகம் முதன்முறையாகப் பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்டவருள் டர்னரும் ஒருவர். 1911-இல் அவரும், ஏரியைக் காத்துவந்த ஜிம் வின்சென்ட்டும் ஹிக்ளிங்கில் ஒரு குஞ்சைக் கண்டுபிடித்தார்கள். பிட்டர்ன் என்னும் நாணற்காட்டுக் கொக்கின் குஞ்சு. சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டதாலும் வேட்டையாலும் அந்த இனம் பிரிட்டனில் குஞ்சு பொரிப்பதே நின்றுவிட்டது என்று அறிஞர்கள் கைவிட்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. டர்னர் எடுத்த படம் அது திரும்பிவிட்டதற்குச் சான்றாயிற்று. வேறு சான்று தேவைப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் இது வேண்டியிருக்கும்.

1924-இல், ஐம்பத்தாறு ஐம்பத்தேழு வயதில், ஸ்கால்ட் ஹெட் என்னும் மணல் தீவில் ஆலாப் பறவைகளின் கூடுகளைக் காக்கும் பணியை அவர் ஏற்றார். சிறு குடிசையில் தனியே தங்கினார். செய்தித்தாள்காரர்கள் 'இங்கிலாந்திலேயே மிகத் தனிமையான பெண்' என்று எழுதினார்கள். பெண் ஒருத்தி தன் விருப்பத்தால் தனியே இருந்தால் உலகம் அவளைப் பார்த்து இரக்கப்படத் தொடங்கிவிடுகிறது! ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே இருந்தவரைத் தனிமையானவர் என்றது அவர்களுடைய பார்வை.

இவர்களுக்குப் பின் வந்தவருள் எரிக் ஹோஸ்கிங் (1909-1991) பெயர் பெற்றவர். 1937-இல் வேல்ஸ் நாட்டில் டானி ஆந்தை ஒன்றைப் படம் எடுக்கச் சென்றபோது, இருளில் அது பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். பறவைகளைப் படம் எடுப்பதை அதன்பின் அரை நூற்றாண்டு விடவில்லை. மறைவுக் கூடாரத்தை ஒரே நாளில் கூட்டருகே கொண்டுபோய் வைக்காமல், நாளுக்குச் சிறிதாக நகர்த்திப் பறவையைப் பழக்குவது அந்தத் தலைமுறையின் முறை. இருவராக உள்ளே சென்று ஒருவர் மட்டும் வெளியே வருவார். பறவைக்கு எண்ணத் தெரியாதாகையால், 'போய்விட்டார்கள்' என்று அமைதியாகிவிடும். கணக்குத் தெரியாமையிலும் இப்படி ஒரு நிம்மதி!

எனினும் முன்னோர் செய்தவை அனைத்தும் நன்று என்று நாம் சொல்லவில்லை. கூடு தெளிவாகத் தெரிய வேண்டுமென்று மறைக்கும் கிளைகளைக் கட்டியோ வெட்டியோ ஒதுக்கும் வழக்கம் அவர்கள் காலத்தில் பரவலாக இருந்தது. காமிராவுக்குத் தெரிந்த கூடு காக்கைக்கும் தெரியும் என்பதை உலகம் மெதுவாகவே உணர்ந்தது. இன்று சட்டமே வந்துவிட்டது. 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, மீன்கொத்தி, வெண்கூகை முதலிய பட்டியலிடப்பட்ட பறவைகளைக் கூட்டிலோ கூட்டருகிலோ தொந்தரவு செய்வது குற்றம். அங்கே படம் எடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். "ஒரு படத்துக்காக உரிமமா?" என்று முணுமுணுப்பவர்களுக்கு நம் அனுதாபம் இல்லை.

நம் மறையின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் அழகிய முன்னிகழ்ச்சி இருக்கிறது. வடகடல் ஓரத்தில் லிண்டிஸ்பார்ன் என்னும் புனிதத் தீவின் ஆயராக விளங்கிய புனித கத்பர்ட், ஒருமுறை மடத் தலைவி எபாவின் அழைப்பின்பேரில் கோல்டிங்காம் மடத்துக்கு வந்திருந்தார். அப்போது அவர் ஆயராகவில்லை. இரவில் எல்லாரும் உறங்கிய பின் அவர் தனியே வெளியே போவதைக் கண்ட துறவி ஒருவர், என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று ஒளிந்து பின்தொடர்ந்தார். கத்பர்ட் கழுத்தளவு கடல் நீரில் நின்று இரவெல்லாம் செபித்தார். விடியலில் கரையேறி மணலில் முழந்தாளிட்டபோது, நீர்நாய்கள் இரண்டு கடலினின்று வந்து, மூச்சால் அவர் பாதங்களைச் சூடாக்கி, தங்கள் மயிரால் துடைத்துவிட்டு, ஆசி பெற்று நீருக்குள் மறைந்தனவாம். ஒளிந்திருந்தவருக்கோ அச்சத்தால் உடல் நடுங்கிவிட்டது. மறுநாள் கத்பர்ட்டிடம் மன்னிப்பு வேண்டினார். "நான் உயிரோடிருக்கும்வரை யாரிடமும் சொல்லாதே" என்ற நிபந்தனையோடு மன்னிப்பும் கிடைத்தது. புனித பீட் எழுதிவைத்த வரலாறு இது. காட்டு உயிர்களைப் படம் எடுப்போர் தங்கள் மறைவுக் கூடாரங்களில் மாட்டிவைக்கத் தக்க கதை என்று நமக்குப் படுகிறது!

கத்பர்ட் தவம் செய்து 687-இல் உயிர்நீத்த இன்னர் பார்ன் தீவில் ஈடர் வாத்துகள் உண்டு. அவற்றுக்கு அவர் அடைக்கலம் தந்தார் என்பது மரபு. அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் அவற்றைக் கத்பர்ட்டின் வாத்து என்று செல்லப்பெயரிட்டு அழைக்கிறார்கள். பார்ன் தீவுகள் 1925 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பின் பொறுப்பில் உள்ளன. வண்ண அலகுள்ள பபின் பறவைகளுக்காகவும் ஆலாக்களுக்காகவும் காமிராவோடு வருவோர் மிகப் பலர். ஆர்க்டிக் ஆலா தன் கூட்டருகே வருபவரின் தலையைக் கொத்தும். ஆகவே தொப்பி அணிந்து போகச் சொல்வார்கள். தன் கருத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பறவை வேறில்லை.

2022-ஆம் ஆண்டு பறவைக் காய்ச்சல் அத்தீவுகளைத் தாக்கி ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டன. ஜூலை மாதத்தில் ஆள்கள் கரையிறங்குவது நிறுத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் யாரும் இறங்கவில்லை. 2024 மார்ச்சில்தான் இன்னர் பார்ன் மறுபடி திறக்கப்பட்டது. அந்த ஓராண்டில் அங்கே பபின்கள் மீன் கொண்டுவந்தன, குஞ்சுகள் வளர்ந்தன. பார்வையாளரின் காமிராக்கள் மட்டும் இல்லை. அதனால் உலகுக்கு என்ன குறைந்துவிட்டது? சில ஆயிரம் பபின் படங்கள் குறைந்தன, அவ்வளவே.

முன்னர் சொன்ன அந்த வேறுவகை ஏமாற்றுக்கு இப்போது வருவோம். இதே புனிதத் தீவின் கரையில் பழைய மீன்பிடிப் படகுகளைக் கவிழ்த்துக் கொட்டகையாக்கியிருக்கிறார்கள். அவற்றின் படம் ஒன்று 2012-ஆம் ஆண்டு பிரிட்டனின் நிலக்காட்சிப் படப் போட்டியில் முதற்பரிசு பெற்றது. பின்னர் வானத்து மேகங்கள் கணினியால் சேர்க்கப்பட்டவை என்று தெரியவந்து பரிசு பறிக்கப்பட்டது. விதிகளைப் படிக்கவில்லை, ஏமாற்ற நினைக்கவில்லை என்றார் எடுத்தவர். அதை நாம் நம்புகிறோம். அதற்கு முன் 2010-இல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், இரவில் வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் பெற்ற முதற்பரிசும் திரும்பப் பெறப்பட்டது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்பது நடுவர்களின் முடிவு. எடுத்தவர் அதை மறுத்தார். இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், வராத மூடுபனியும் வந்துவிடும்.

மீன்கொத்திப் படங்களில் இன்னொரு வழி உண்டு. ஓடையருகே ஒரு தொட்டியில் சிறு மீன்களை விட்டு, மேலே ஓர் அழகான குச்சியை நட்டு வைத்துவிட்டால், பறவை வந்து அமரும். குறித்த இடத்தில் பாயும். "அதற்கு எளிதாக இரை கிடைக்கிறது, எனக்குப் படம் கிடைக்கிறது, யாருக்கு நட்டம்?" என்பர். பறவைக்கு நட்டம் சிறிதே என்று ஒப்புக்கொள்வோம். மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தொட்டியில் எடுத்ததைத் தொட்டியில் எடுத்தேன் என்று படத்தின் கீழே எழுதிவிட்டால் நமக்கு வழக்கில்லை. எழுதாமல் விடும்போதுதான் வழக்கு. கியர்ட்டன் உடன்பிறந்தார் மாட்டைக் காட்டினார்கள். இவர்கள் தொட்டியை மறைக்கிறார்கள்.

"அழகுக்காகத்தானே, விட்டுவிடுங்களேன்" என்பார்க்கு 1911-ஆம் ஆண்டின் அந்தக் குஞ்சை நினைவூட்டுவோம். எம்மா டர்னர் காட்டிய படத்தை உலகம் அன்று நம்பியது. புகைப்படம் என்றால் கண்டது என்று பொருள்பட்ட காலம். இன்று அதே சதுப்பில் ஒருவர் ஓர் அரிய பறவையைப் படம் எடுத்துக் கொண்டுவந்தால், நம் வாயில் வரும் முதற்கேள்வி "இது உண்மைதானா?" என்பதே. ஒவ்வொரு பொய்மேகமும் ஒவ்வொரு பொய்ப்பனியும் அந்தக் கேள்வியை வளர்த்துவிட்டன. ஏரியில் இருபத்தைந்து ஆண்டு காத்திருக்கும் அடுத்த டர்னர், பிறர் செய்ததற்காகத் தம் வாய்மையை நிறுவ வேண்டியிருக்கும். பெற்றோர்கள் பிள்ளைக்குக் காமிரா வாங்கித் தரும்போது விலையையும் லென்ஸையும் விசாரிப்பதோடு இதையும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அந்தக் கொக்கின் கதை பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 1911-க்குப் பின் பெருகியது, மறுபடி தேய்ந்தது. 1997-இல் பிரிட்டன் முழுவதிலும் பதினோர் ஆண்பறவைகளே எஞ்சியிருந்தன. நாணற்காடுகளைத் திருத்தி, புதிதாக வளர்த்து, தண்ணீர் நிறுத்திப் பாடுபட்டதன் பயனாக, அண்மை ஆண்டுகளில் இருநூறைத் தாண்டிவிட்டன. அவற்றைக் கண்ணால் எண்ணுவதில்லை. காலிப் புட்டியின் வாயில் ஊதினாற்போல் ஆண்பறவை எழுப்பும் ஆழ்ந்த குரல் நெடுந்தூரம் கேட்கும். வசந்த காலத்து விடியலில், பனி மூடிய நாணற்காட்டின் ஓரத்தில் ஆள்கள் குறிப்பேட்டோடு நின்று, ஒவ்வொரு குரலாகக் கேட்டு எண்ணிக்கொள்கிறார்கள். தாம் எண்ணிய பறவைகளுள் பலவற்றை அவர்கள் பார்த்ததே இல்லை.